தண்ணீர் போன வழி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கல் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிறேன். எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுத்த விரல் நீளக் கல்லை ரப்பர் உறைக்குள் இறுக்கி, ஒரு பக்கம் தண்ணீர் செலுத்துவார்கள். மறுபக்கம் வருவதை அளவு ஜாடி பிடிக்கும். தன் வழியே தண்ணீர் விடாத கல் குப்பைக்குப் போகும்.

அன்று வந்த கல் ரப்பரிடம் கேட்டது: “அக்கா, கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்க.”

“தளர்த்தினா தண்ணி உனக்குள்ள போகாது. உன்னைச் சுத்திக்கிட்டு ஓடிடும்.”

“எப்படியோ அந்தப் பக்கம் போனா சரி.”

ரப்பர் இரக்கப்பட்டது. ஜாடி சீக்கிரமே நிறைந்தது. பொறியாளர் கார்மேகம், “அருமையான கல்” என்று அளவை எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஜாடி தனக்குள் குனிந்து பார்த்தது. “ஏன் தம்பி, உன் உடம்பெல்லாம் எண்ணெய் ஊறிக் கிடக்குதே. உனக்குள்ள நுழைஞ்சு வந்த தண்ணியில ஒரு சொட்டு எண்ணெயைக்கூடக் காணோமே?”

“நான் சுத்தமான கல்.”

“சுத்தமான கல்லுக்கு இங்கே என்ன வேலை?”

“சத்தம் போடாதீங்க. அந்தம்மா வந்து உங்களைக் கழுவிட்டா எல்லாம் முடிஞ்சுது” என்றது கல்.

வாளியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் உள்ளே போனேன். மூன்றும் என்னையே பார்த்தன. பொறியாளரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கழுவவும் கை வரவில்லை. ஜாடியை அந்தத் தண்ணீரோடு அவர் அளவு எழுதிய நோட்டின் மேல் வைத்துவிட்டு, தரையை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன்.