யார் யாரோடு இறங்குவது

"தனியா யாரும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. ஜோடியைச் சொல்லுங்க, ஜோடியை!" என்று டார்லா மேசையைத் தட்டினாள்.

அமெரிக்காவின் டுலூத் நகரில், ஆழ்நீரில் மூழ்குவதற்கான சாமான்கள் விற்கும் அவளுடைய ஸ்கூபா கடையின் பின்னறை. ஜனவரி மாதம். கதவோரம் கழற்றிப்போட்ட பூட்ஸுகளிலிருந்து பனி உருகி, தரை சொதசொதவென்று கிடந்தது. எல்லோர் கையிலும் காபி.

அடுத்த மாதம் சாபாவுக்குப் பயணம். கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவு. கூட்டம் கிடையாது, சத்தம் கிடையாது. அங்கே போக வேண்டும் என்று முதன்முதலில் ஆசைப்பட்டவள் மார்லிஸ்தான். அப்போது அவள் வெர்லினின் மனைவி.

வெர்லின் சுவரோரம், ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விவாகரத்துக்குப் பிறகு இந்த அறைக்கு அவன் வருவது இதுவே முதல் முறை.

அவன் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டைப் பிரித்தார்கள். காரைப் பிரித்தார்கள். நாய் அவளிடம் போனது. தண்ணீருக்குள் அவர்கள் இருவரும் ஒரு ஜோடி என்பதைப் பற்றி மட்டும் எந்த வக்கீலும் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய புதுக் கணவன் கர்ட்டும் வந்திருந்தான். பல் டாக்டர். தண்ணீர் என்றாலே நடுங்குவான் என்று கேள்வி. தீவில் கரையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பான் போலிருக்கிறது என்று வெர்லின் எண்ணினான்.

"எனக்கு என் வீட்டுக்காரிதான். வேற யாரு என்னைச் சகிச்சுக்குவா?" என்றார் முன்வரிசைக் கிழவர் ஒருவர்.

"தண்ணிக்குள்ளயாவது உங்க வாய் மூடியிருக்குமே, அதுக்காகத்தான் வர்றேன்," என்றாள் அவர் மனைவி.

அறை சிரித்தது.

"மார்லிஸ், நீ?" என்று கேட்ட பிறகுதான் டார்லாவுக்கு உறைத்தது. எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான் உன்கூட வர்றேன், டார்லா," என்றாள் மார்லிஸ். "கர்ட்டை வெர்லின்கூடப் போட்டுரு."

யாரோ இருமினார்கள். வெர்லின் எழுந்து, பூட்ஸில் காலை நுழைத்து, கயிற்றைக்கூடக் கட்டாமல் வெளியே போனான்.

வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை அவன் சுரண்டிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் பின்னாலேயே வந்தாள். கோட்டு போடவில்லை. குளிருமே என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"எல்லார் முன்னாடியும் என்னைக் கேலி பண்றியா?"

"கேலி பண்ற மூஞ்சியா இது?" அவள் பற்கள் கிட்டிக்கொண்டன. "கர்ட் போன கோடையில பழைய சுரங்கக் குழித் தண்ணியில முங்கக் கத்துக்கிட்டான். எனக்காகத்தான். பாதி ஆழத்துல பயந்துபோய், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல பாஞ்சுட்டான். உள்ள காத்து விரிஞ்சு நுரையீரல் கிழியாம தப்பிச்சது பெரிய விஷயம்."

"அப்ப நீயே அவன்கூட இறங்கு."

"என்கூடதான் இறங்கினான்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் மீனைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

வெர்லின் சுரண்டுவதை நிறுத்தினான்.

"அதுக்கு நான்தானா கிடைச்சேன்? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"வீட்டுல இருந்தவரைக்கும் நீ என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்ல, வெர்லின். நான் அழுதா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்ப. ஆனா தண்ணிக்குள்ள என்மேல இருந்து நீ கண்ணை எடுத்ததே இல்ல. அங்க மட்டும்தான் எனக்குப் புருஷன்னு ஒருத்தன் இருந்தான்." அவள் ஒரு எட்டு கிட்டே வந்தாள். "அந்த ஆளைத்தான் கேக்குறேன்."

அவனிடம் ஒரு பதில் இருந்தது. தண்ணீருக்குள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. வீட்டுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

"நான்..." என்று ஆரம்பித்தான்.

அவள் காத்திருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"அவன் சிலிண்டர் காத்தை எவ்வளவு சீக்கிரம் தீர்ப்பான்?" என்று கேட்டான் வெர்லின்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "ரொம்பச் சீக்கிரம்," என்றாள்.

அவன் உள்ளே திரும்பினான். கர்ட்டின் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். டார்லா ஏதோ ஞாபகம் வந்தவள்போல எழுந்து, காபியை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் ஊற்றப் போனாள்.

"உங்களுக்கு இது கஷ்டமா இருந்தா, பரவாயில்ல, நான் இறங்கலை..." என்று கர்ட் இழுத்தான்.

"பயம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மேல ஓடிருவேன்."

"ஓடாதீங்க. மூச்சை மட்டும் விட்டுக்கிட்டே இருங்க. என் கையைப் பிடிச்சுக்குங்க. நான் வேற எதையும் பார்க்க மாட்டேன்."

கர்ட் இப்போதே ஒத்திகை பார்ப்பவன்போல அவன் மணிக்கட்டைப் பிடித்தான். உள்ளங்கை வியர்த்திருந்தது. பிடி இறுகிக்கொண்டே போனது. வெர்லின் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கூடவே மார்லிஸும்.

வெர்லின் திரும்பிப் பார்த்தான். அவள் மூக்கு சிவந்திருந்தது. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள், எப்போது வெட்டினாள் என்று தெரியவில்லை. காதோரம் நரை. அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் கர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.