காப்பிக்கலர் நூல்

சிதம்பரத்து ஆஸ்பத்திரி அறையில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடு கோடாக விரித்திருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் ஜாக்கெட் தைக்கும் அமராவதி நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கிறாள். மூளைக்குப் போகும் பார்வை நரம்புகளின் மேலுறை வீக்கத்தில் கரைந்துபோக, போன மாதம் அவளுக்கு நிறங்களெல்லாம் வெளுத்துவிட்டன. "நரம்ப சுத்தி கிளியான்னு சின்னச்சின்ன செல்லுங்க இருக்கும்மா. மருந்துல வீக்கம் அடங்கிடுச்சு. இனிமே அதுங்கதான் அந்த உறைய மறுபடி சுத்தணும்," என்கிறார் டாக்டர் இசைவாணி, சொட்டுமருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தபடி. "இது என்ன கலர்?" "செவப்புங்க... கொஞ்சம் மங்கலா இருக்கு." டாக்டர் தலையசைக்கிறார். அவள் கணவன் சேரன் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து நீட்டுகிறான். தைக்கக் கொடுத்தவர்கள் திருப்பித் தந்தது. இத்தனை நாள் அவளிடம் காட்டாதது. அவள் விரல்கள் பழக்கத்தில் ஓரத்தைத் திருப்பி வெயிலில் பிடிக்கின்றன. புருவம் நெரிகிறது. "என்னாங்க இது? செவப்புத் துணியில காப்பிக்கலர் நூலு! எந்தக் கபோதி தச்சது?" டாக்டரின் கையில் மூடி அப்படியே நிற்கிறது. "நீதான். போன மாசம்," என்கிறான் சேரன். அதற்குள் அவள் பல்லால் நூலைக் கடித்து, தையலைப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறாள்.