இரண்டு தகடு இரத்தம்

1951இல் மலாயாவில், மலாக்காவை அடுத்த செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு அரசாங்க உத்தரவு ஒன்று வந்தது. காட்டுக்குள் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் காட்டோரக் காவலுக்குத் துப்பாக்கியோடு ஆள் அனுப்பவேண்டும். மலேரியா இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. பட்டியலில் கங்காணி ராக்கப்பனின் பெயரும் இருந்தது.

மரம் சீவும் உத்திராபதி, வாரத்தில் மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொள்பவன். கங்காணி அவனைக் கையோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்.

"டிரஸ்ஸரையா, இவன் ரத்தத்த எடுத்து எம் பேர எழுதிருங்க. யாருக்குத் தெரியப்போவுதுலா?"

ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளர், டிரஸ்ஸர் செபாஸ்டியன் தயங்கினார். "ரத்தம் எடுத்த ஆளு முன்னாலயே பேரு எழுதணும், கங்காணி."

"நானும் முன்னாலதானே நிக்கிறேன்!"

"அப்ப இவன் பேருக்கு யாரு ரத்தம்? இவனும் பட்டியல்ல இருக்கான், ரெண்டு தகடு போகணுமே."

"என்னோடத எடுத்துக்குங்க."

கங்காணியைப் பகைத்துக்கொள்ள முடியாத டிரஸ்ஸர், இருவர் விரலையும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசியால் குத்தி, கண்ணாடித் தகடுகளில் இரத்தத்தைத் தேய்த்துக் காயவைத்தார். பெயர்களை மாற்றி எழுதி மலாக்காவுக்குச் சோதனைக்கு அனுப்பினார்.

நான்காம் நாள் ஆபீஸ் வாசலில் முடிவைப் படித்தார். "ராக்கப்பன். ரத்தத்துல ஒண்ணுமில்ல. காவலுக்குப் போகலாம்."

கங்காணி உத்திராபதியின் காதோடு சீறினார். "டேய், அப்ப உனக்குக் காய்ச்சலே இல்லையா?"

"வேலைக்கு வரப் பிடிக்காத அன்னிக்கு மட்டும் வரும்ங்க."

டிரஸ்ஸர் தொடர்ந்தார். "உத்திராபதி. மலேரியா. ஒரு மாசம் மலாக்கா ஆஸ்பத்திரியில ஓய்வு."

உத்திராபதி சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினான். மலேரியா இருந்தது தன் இரத்தத்தில் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்ல வழியில்லாமல், கையில் கொடுத்த துப்பாக்கியோடு நின்ற கங்காணிக்கு அப்போதே குளிரத் தொடங்கியது.