தொய்யாத நாடா

காலை வெயில் அறையின் பாதித் தரையில் விரிந்திருக்கிறது. வீட்டிலேயே தொழில் நடத்தும் பிசியோதெரபிஸ்ட் மருமகள், கதவை ஒட்டிய சுவரோரம் அளவு டேப்புடன் மண்டியிட்டிருக்கிறாள். தொழிலுக்கு மட்டுமே பயன்படும் அறை என்றால் அதன் பரப்புக்கு ஏற்ப வரியில் கழிவு கிடைக்கும். ஆடிட்டர் அளவு கேட்டிருக்கிறார். இஸ்திரி மேசையும் துணிக்கூடையும் ஏற்கெனவே வெளியேறிவிட்டன. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு, எவ்வளவு சொல்லியும் கைத்தடியை விட மறுக்கும் மாமியார் கதவருகே நிற்கிறார். "மத்தியானம் நான் இங்கதானே தூங்குறேன்? அது எந்தக் கணக்கு?" "இனிமே ஹால்லதான் அத்தை. இங்க பேஷண்டுக்கு மட்டும்தான் இடம்." "அப்போ நானும் பேஷண்டுதான். ஃபீஸை உன் புருஷன்கிட்ட வாங்கிக்க." மருமகள் சிரித்துக்கொண்டே டேப்பின் நுனியை நீட்டுகிறாள். "நல்லா இழுத்துப் பிடிங்க, தொய்யக் கூடாது." மஞ்சள் நாடா கிறீச்சிட்டு நீள்கிறது. மாமியார் இரண்டு கைகளாலும் நுனியைப் பற்றி, அதிலேயே கண்ணாக, வெயிலைக் கடந்து எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு, "எவ்வளவு வருது?" என்கிறார். மருமகள் டேப்பைப் பார்க்கவில்லை. கைத்தடி கதவோரமாகத் தனியே சாய்ந்திருக்கிறது. "சரியாத் தெரியல அத்தை," என்கிறாள், பொங்கி வரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அப்படியே திரும்பி வாங்க, இன்னொரு தடவை அளக்கணும்."