ரைடு போக ஆளில்லை

"நீ இல்லாம நம்ம டீமு அம்புட்டுத்தான் கலை! தேனிப் போட்டியில மொத ஆட்டத்துலயே மண்ணைக் கவ்வப் போறோம்."

ஜீப்பை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அமுதவள்ளி டீச்சர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

போடியில் பெண்கள் கபடி என்றாலே ஒரு காலத்தில் கலையரசிதான். அவள் ரைடு போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். மாரீஸ்வரனைக் கட்டிக்கொண்டு இந்த ஏலத்தோட்டத்துக்கு வந்த பிறகு ஆட்டம் நின்றுபோயிற்று. மலையில் கோடு கிழிக்கச் சமதரை ஏது? எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவு.

"உள்ள வாங்க டீச்சர், பனி இறங்குது" என்று கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள் கலையரசி. டீச்சரின் கை முன்னைவிட மெலிந்திருந்தது.

"ரைடுக்கு இப்ப யாரு போறா?"

"சுஜிதாதான். போன வேகத்துல மாட்டிக்கிறா. பொன்னுமணிக்கு மூச்சு நிக்க மாட்டேங்குது. நீ போறப்ப எதிராளுக பின்னாடி பின்னாடி போவாளுகல்ல? இப்பச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாளுக."

"தேவாரம் டீமு எப்படி?"

"அவளுகளா? எமகாதகிக. அவளுகளோட மோதுனா நம்ம பிள்ளைக தப்பிக்கவா?"

கலையரசி தட்டைக் கழுவிச் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. டீச்சர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"வீட்டுல சமைக்கிறதே இல்லையா டீச்சர்?"

"ஒரு வயித்துக்கு எதுக்குடி அடுப்பு? கடையில ரெண்டு இட்லி வாங்குனாப் போதும். அதை விடு. உன் ஜெர்சியை இன்னும் யாருக்கும் குடுக்கலை. மடிச்சுப் பீரோவுல வச்சிருக்கேன்."

கலையரசிக்குப் போடி மைதானத்துச் செம்மண் காலுக்கடியில் ஒட்டுவது போலிருந்தது. ஆட்டம் முடிந்து வியர்வையும் மண்ணுமாக வரும்போது, "மொதல்ல தண்ணியக் குடி, பெறகு பேசு" என்று டீச்சர் சொம்பை நீட்டுவார். இங்கே ஏலக்காய் பறித்துவிட்டு இடுப்பு நோக வந்தால், தண்ணீரைத் தானேதான் மோந்து குடிக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வரட்டா டீச்சர்?"

டீச்சர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "நெசமாவா?"

"காலை ஜீப்புல வந்துர்றேன். ஆனா ஒண்ணு. பிராக்டீஸ் முடிய இருட்டிரும். உங்க வீட்டுலதான் தங்குவேன், கறிக்குழம்பு வைக்கணும்."

"வைக்காம? அன்னிக்கு அடுப்பைப் பத்த வச்சுர்றேன்!" டீச்சர் சட்டென்று எழுந்து கை கழுவப் போனார். கழுவி முடிக்க வெகுநேரமாயிற்று.

அவர் கிளம்பும் நேரத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து மாரீஸ்வரன் வந்துசேர்ந்தான்.

"தம்பி, வாரத்துல ஒருநா இவளை அனுப்பி வையுங்க. டீமு நெலமை ரொம்ப மோசம். இவ வந்தாத்தான் தேனியில தலை நிமிர முடியும்."

மாரீஸ்வரன் குழப்பத்தோடு மனைவியைப் பார்த்தான். எதுவும் கேட்க வேண்டாம் என்பதுபோல் கலையரசி லேசாகத் தலையசைத்தாள்.

"அதுக்கென்ன டீச்சர், தாராளமா வரட்டும்" என்றான்.

ஜீப்பு புறப்பட்டது. டீச்சர் சன்னல் வழியே தலையை நீட்டி, "வெரசா வந்துரு, மொத ஜீப்பை விட்டுராத!" என்று கத்தினார். வளைவில் ஜீப்பு மறைந்த பிறகும் கலையரசி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ கலை, தேனிப் போட்டி போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சு, தேவாரம் டீமைத் தோக்கடிச்சு நம்ம பிள்ளைக கப்பு வாங்கிட்டாகள்ல? பொன்னுமணி உனக்கு போட்டோகூட அனுப்புச்சே!" என்றான் மாரீஸ்வரன். "பெறகு எதுக்கு இந்தம்மா இப்படிச் சொல்லிட்டுப் போறாக?"

கலையரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்த மகனையும் பறிகுடுத்துட்டு, மருமக நான் ஒத்தையில நிக்கக் கூடாதுன்னு முன்ன நின்னு உங்களுக்குக் கட்டியும் வச்சுட்டு, இப்ப என்னையப் பாக்காம இருக்க முடியலைன்னு சொல்ல எங்க அத்தைக்கு வாய் வரலைங்க."