தாய்மாமன் மடி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, கோர்ட்டு சொன்ன நேரம் பிசகாமல், மகள் வெண்பாவை வாசலில் இறக்கிவிட்டு ஞானசேகர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சித்திரை வெயிலில் பிள்ளையின் தலையில் கம்பளிக் குல்லா. அம்மா சுகந்தி அதைக் கழற்றினாள். இரண்டு காதும் சிவந்து வீங்கி, நடுவில் தங்கத் தோடு மின்னியது.

தனக்குத் தெரியாமல் காது குத்தியிருக்கிறார்கள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அண்ணன் கதிரேசன் தன் பக்கம் இருக்கும்வரை தன்னைக் கேட்காமல் அதை யாராலும் நடத்த முடியாது என்று இரண்டு வருஷமாக நிம்மதியாக இருந்தவள் அவள்.

"யாரு மடியிலடி உட்கார வச்சாங்க?"

"மாமா மடியில."

"எந்த மாமா?"

வெண்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எவனையோ பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். "இரு, அண்ணன்கிட்ட சொல்றேன். அவங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான்" என்று குல்லாவைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

வெண்பா உள்ளே ஓடினாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த கதிரேசன் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். எப்போதும் காதைத் திருகித்தான் கொஞ்சுவான். இன்று குல்லாவில் விரல் படாமல் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"இன்னும் வலிக்குதாடா?"

காது குத்தியதைப் பற்றி, நிலைப்படியில் நின்ற சுகந்தி அவனிடம் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.