நுரைத்தவருக்கு வந்த மரியாதை

அன்று ஓடைச் சரிவில் இருந்தவர்கள் நால்வர்: மேலே சுண்ணாம்புப் பாறை, நடுவில் களிப்பாறை, அடியில் மணற்பாறை, எதிரே அமிலப் புட்டியுடன், சிமென்ட் ஆலைக்குக் கல் தேடி வந்த ஆய்வாளர் தில்லைநாயகம்.

அவர் ஒவ்வொரு பாறைமீதும் ஒரு சொட்டு விட்டார். சுண்ணாம்பு மட்டும் பொங்கி நுரைத்தது. அதன்மேல் சிவப்புச் சாயத்தால் வட்டமிட்டுச் சென்றார்.

“கடலில் பிறந்த குலம் அல்லவா! பெரியவர்கள் தொட்டதும் பொங்குகிறேன். நீ ஏனய்யா மணலே, சும்மா கிடந்தாய்?” என்றது சுண்ணாம்பு.

“நானும் அதே கடலில்தான் பிறந்தேன். பொங்கத்தான் தெரியவில்லை.”

“அண்ணா, எனக்கும் ஒரு வட்டம் போடச் சொல்லுங்களேன்,” என்று குழைந்தது களிப்பாறை.

“அதற்குத் தகுதி வேண்டும், தம்பி.”

மறுநாள் ஆய்வாளர் ஆட்களுடன் வந்தார். வட்டத்துக்குள் துளையிட்டு, வெடிமருந்தை அடைத்து, நீண்ட திரியைத் தொங்கவிட்டார்கள்.

“காணிக்கை வைக்கிறார்கள். மாலையும் போட்டாயிற்று,” என்றது சுண்ணாம்பு.

களிப்பாறை சற்று யோசித்தது. “அண்ணா, எனக்கு வட்டம் வேண்டாம்.”

“பொறாமை!”

எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆட்கள் ஓடினார்கள்.

“ஐயா, என்னை எந்த இடத்தில் அமர்த்தப் போகிறீர்கள்?” என்று பணிவோடு கேட்டது சுண்ணாம்பு.

தில்லைநாயகம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, திரியைப் பற்றவைத்துவிட்டுக் கரையேறி நடந்தார்.